கம்பெனி வண்டியே போதும்: நெடும்பயணத்துக்கு முன் உங்கள் ஃபோர் பை ஃபோர்

(பாலவாக்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஈ.சி.ஆர். பக்கம் இப்போ எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ஒரு தார், ஒரு ஜிம்னி, அங்கங்கே ஒரு கூர்கா நிற்கிறது. பழைய ஜிப்ஸியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறவர்களும் உண்டு. எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "லடாக் போறோம், ஸ்பிட்டி போறோம், வண்டியில என்னென்ன மாத்தணும்?" நான் மெக்கானிக் இல்லைங்க. தகவல் துறையில் எழுதுகிறவள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, எந்த அனுமதி எங்கே கிடைக்கும், மலைக்குப் போய் வந்தவர்களும் பட்டறைக்காரர்களும் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று சேகரிப்பதுதான் என் வேலை. சேகரித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: மாற்ற வேண்டியது கொஞ்சம், பார்த்துச் சரிசெய்ய வேண்டியது நிறைய.

இங்கிருந்து லே போக ஒரு வழிக்கே 3,000 கி.மீ.க்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி நல்ல நெடுஞ்சாலை. கல்லும் மண்ணும் ஓடைத் தண்ணீருமாக இருப்பது கடைசியில் வரும் சில நூறு கி.மீ. மட்டும்தான். அந்தச் சில நூறுக்காக வண்டியைத் தலைகீழாக மாற்றினால், மீதி ஆயிரக்கணக்கான கி.மீ.யில் சத்தம், குலுக்கல், எரிபொருள் செலவு எல்லாம் நம் தலையில்தான் விழும்.

முதல் வேலை, உங்க வண்டியில் நாலு சக்கர இயக்கம் இருக்கிறதா என்று பாருங்க. சிரிக்காதீங்க! பின் சக்கரம் மட்டும் இயங்குகிற தார் 2023 முதல் விற்பனையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கியர் பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க. இருந்தால், மாதம் ஒருமுறையாவது மண் தரையில் அதைப் போட்டு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. வாங்கி மூணு வருஷம் தொடாமல் வைத்துவிட்டு, மணாலி தாண்டி முதல் தடவை இழுத்தால் விழாது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் இதைப் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்றும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும், தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் முறுக்கம் முழுக்க கியர் பெட்டிக்குப் போகும்.

அடுத்து, கொஞ்சம் கசப்பான விஷயம். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கேட்டால் இரும்பு பம்பர், உயரம் ஏற்றும் கிட், அகலமான டயர், கறுப்பு ஃபிலிம் எல்லாம் அரை நாளில் மாட்டித் தருவார்கள். கடையில் விற்கிறார்கள் என்பதால் அது அனுமதிக்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனிங்க, மொத்தத்துக்கு இல்லை. முன்னால் மாட்டுகிற இரும்பு கார்டு கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கண்ணாடி ஃபிலிம் பற்றி உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது.

அபராதத்தை விட எனக்குக் கவலை இன்சூரன்ஸ். வண்டி எங்கேயோ பள்ளத்தில் சரிந்து, நாலு பேர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சர்வேயர் வந்து போட்டோ எடுப்பார். உயரம் ஏற்றியிருக்கிறதா, ஆர்.சி.யில் பதிந்திருக்கிறதா என்று கேட்பார். பதிந்திருக்காது. அங்கிருந்து இழுபறி ஆரம்பம். பம்பர் கார்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மோதலின் வேகத்தைத் தாங்கி மடங்குவதற்காகத்தான் முன்பகுதியை வடிவமைத்திருக்கிறார்கள், ஏர்பேக் சென்சாரும் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. இரும்பு கார்டு அந்தக் கணக்கையே மாற்றிவிடும். ஆகவே பம்பருக்கு எடுத்து வைத்த காசை டயரில் போடுங்க. சஸ்பென்ஷனை மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால், பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்க.

பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படிங்க. தனிநபர் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. யாரோ ஆற்று மணலில் நடத்துகிற போட்டியில் பெயர் கொடுத்தால் அந்த நாளுக்கு நீங்கள் தனி. பூட்டான், நேபாளம் என்று எல்லை தாண்டும் யோசனை இருந்தால், கூடுதல் பிரீமியம் கட்டி அந்த நாட்டைச் சேர்க்கலாம். கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

சரி, வண்டிக்கு வருவோம்.

நம்ம ஊரில் இருக்கிறவர்களுக்கு, டெல்லிக்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ இல்லாத பிரச்சினை ஒன்று உண்டு. கடல் காற்று. பாலவாக்கத்தில் ஜன்னல் கம்பியும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் என்ன கதிக்கு ஆளாகின்றன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உப்பு வண்டிக்கு அடியிலும் வேலை பார்க்கிறது. லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பாருங்க: சேசிஸ் மடிப்புகள், பிரேக் குழாய்கள், சைலன்சர் தாங்கி, சஸ்பென்ஷன் போல்ட்டுகள், இழுவை வளையத்தின் திருகு. பிரேக் பைப்பில் துரு செதில் செதிலாக வந்தால் பெயின்ட் அடித்து மறைக்காதீங்க, மாற்றுங்க. சேசிஸுக்குள் போகும் தண்ணீர் வெளியேற அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் குச்சி விட்டுத் திறக்கணும். அண்டர்பாடி கோட்டிங் அடிக்கிறவர்கள் பல நேரம் அந்த ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள்.

ஸ்டெப்னியை எத்தனை பேர் கழற்றிப் பார்த்திருக்கிறீர்கள்? பின்கதவில் வெளியே தொங்குகிறதால் உப்புக் காற்று முழுக்க அதன் நட்டுகளுக்குத்தான். வீட்டு வாசலிலேயே, கம்பெனி கொடுத்த ஸ்பேனரை மட்டும் வைத்துக் கழற்றி, ஜாக்கி போட்டு, ஒரு சக்கரத்தை மாற்றிப் பாருங்க. வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரும் ஒருமுறை செய்யட்டும். அக்கா, அம்மா எல்லோரும்தான். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில் தடிமனான பலகை ஒன்று கூட இருக்கட்டும். மண்ணில் பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே இறங்கும்.

டயர். அளவை மாற்றாதீங்க, ரகத்தை மாற்றலாம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அதே அளவு, அதே எடைத் தாங்கும் எண், வேக எழுத்து பார்த்து ஆல் டெரெய்ன் வகை வாங்கினால் நெடுஞ்சாலைக்கும் கற்பாதைக்கும் சரிவரும். சேற்றுக்கென்றே வருகிற கரடுமுரடு டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் ஈரமான தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். புது டயரை மாட்டிய மறுநாளே கிளம்பாமல் சில நூறு கி.மீ. ஓட்டி, அலைன்மென்ட் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

காத்துதான் உண்மையான ரகசியம். ரோட்டில் 32, 35 என்று வைக்கிற காற்றை, மென்மணலில் 18 பக்கம் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து படியும், வண்டி மிதந்து போகும். கல் பாதையில் 25 பக்கம் போதும். பெரும்பாலும், மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுக்கக் கயிறு கூடத் தேவைப்படாது. காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் கொஞ்சம் வெட்டிவிட்டால் தானாக வந்துவிடும். ஆனால் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி அடிக்கணும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். அதற்காகத்தான் சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர். கொஞ்சம் பெரியதாக வாங்கினால் சிகரெட் லைட்டர் துளையில் சொருகாமல் பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டுகிற வகையாகப் பாருங்க, இல்லையென்றால் ஃபியூஸ் போய்விடும்.

இதைப் பழக நம்ம பீச் மணலே இருக்கே என்று யாராவது நினைக்கலாம். வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை இது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினம். முட்டைக்குழி மேலே மணல் சமமாகத்தான் இருக்கும், சக்கரத்துக்குத் தெரியாது. அதோடு வலை காயப் போடுகிற, படகு இழுக்கிற குப்பத்துக்காரர்களின் வேலையிடம் அது. தெரிந்தவர் தோப்பு, தனியார் இடத்தில் நடத்துகிற பயிற்சித் தடம் என்று அனுமதியோடு போய்ப் பழகுங்க.

காட்டுக்கும் இதே பேச்சுதான். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவது சாகசம் இல்லை, குற்றம். காட்டைப் பார்க்கணும் என்றால் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் 2024 அக்டோபரிலிருந்து 40 நடைபாதைகளுக்கு முன்பதிவு வசதி இருக்கிறது. நடந்து போகலாம். கொழுக்குமலை மாதிரி கரடுமுரடான பாதைக்கு, சூரியநெல்லியிலிருந்து ஓட்டுகிற உள்ளூர் ஜீப்காரரோடு ஒருமுறை போய் வாங்க. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பத்து வீடியோவுக்குச் சமம்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசியே தீருவேன். ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக் கூடியது. நாலு பேர் உட்கார்ந்தாலே 300 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. டென்ட், அடுப்பு, அரிசி, கயிறு, கம்ப்ரசர், அப்பளம் ஊறுகாய் டப்பா வரை எல்லாம் எடைதான். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் இன்னொரு பெரிய ஆளை முன்னால் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. பிறகு ஷாக் அப்சார்பர் போச்சே, ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சே என்று மெக்கானிக்கிடம் சண்டை. எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து, டேங்க் நிரப்பி, ஒரு எடை மேடையில் நிறுத்திப் பாருங்க. லாரிகள் எடை போடுகிற அதே இடம்தான். சொற்பக் காசில் முடியும். வருகிற எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரிப்பார்கள். கூரை மேல் கனமானது எதுவும் வேண்டாம், சரிவில் வண்டி கவிழ அதுவே காரணமாகும். உறைப்பை, பாய் போதும். கனமானது கீழே, நடுவில், பட்டை போட்டுக் கட்டியிருக்கணும். ஒரு கல்லில் ஏறி இறங்கினால் பின்னால் இருக்கிற குக்கர் உங்கள் தலைக்குத்தான் வரும்.

உபரி எரிபொருள் கொண்டுபோவதிலும் சட்டம் இருக்கிறது. பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோல் உரிமம் இல்லாமல் கையில் 30 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இறுக மூடிய உலோகக் கேன் என்றால் ஒன்றில் 25 லிட்டர் வரை. பழைய தண்ணீர் கேனில் ஊற்றிக் காருக்குள் வைப்பது குடும்பத்தோடு ஒரு வெடிகுண்டை ஏற்றிக்கொண்டு போவது. தாருக்கு 57 லிட்டர், ஜிம்னிக்கு 40 லிட்டர் டேங்க். பாதி ஆனதும் அடுத்த பங்கில் நிரப்புகிற பழக்கம் இருந்தால் பெரும்பாலான பாதையில் கேனே தேவைப்படாது.

இழுத்து எடுப்பது. இங்கேதான் உயிர் போகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். சுருக்குக் கயிறு மாதிரி நீண்டு சுருங்குகிற நைலான் கயிறு வேறு, சாதாரண டோயிங் பெல்ட் வேறு. வேகம் கொடுத்து இழுக்க முதல் வகை மட்டும்தான். சங்கிலியையும் கம்பி ரோப்பையும் கட்டி ஓடி வந்து இழுக்கவே கூடாது. பம்பரில் திருகி மாட்டுகிற வளையம், பழுதான வண்டியை ரோட்டில் மெதுவாக இழுத்துப் போவதற்கானது. சேற்றில் புதைந்த வண்டியைச் சுண்டி இழுக்க அது தாங்காது. டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிறு போடவே போடாதீங்க. அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்து வரும், வெளிநாடுகளில் ஓட்டுநர்களே இறந்திருக்கிறார்கள். சேசிஸோடு சேர்ந்த இழுவைக் கொக்கி உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று கையேட்டில் படம் போட்டிருக்கும். ஷேக்கிளில் தாங்கும் டன் அளவு பொறித்திருக்கணும். கயிற்றின் நடுவே ஒரு கனமான போர்வையைப் போடுங்க, அறுந்தால் பறக்காது. வேடிக்கை பார்க்கிறவர்கள், செல்போனில் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கயிற்று நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். சின்னப் பசங்க இன்னும் தள்ளி.

தண்ணீரைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எத்தனை வண்டி தெருவிலேயே நின்றது என்று பார்த்தோம். தாருக்கு 650 மி.மீ., கூர்காவுக்கு 700 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கிற தண்ணீரில், மெதுவாகப் போகும்போது. ஓடுகிற தண்ணீரில் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை, முட்டி அளவு வெள்ளமே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஓடையைக் கடக்கும் முன் இறங்கி நின்று, உள்ளூர்க்காரர் எங்கே கடக்கிறார் என்று பாருங்க. இமயமலையில் காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், பனி உருகி மாலையில் இடுப்பளவு ஆகும். அதனால் ஓடைகளைக் காலையிலேயே தாண்டுகிற மாதிரி நாளைத் திட்டமிடணும்.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அப்படித் திரும்ப ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண முழுப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று பாருங்க. லடாக் போகாதவர்களுக்கும், அடுத்த மழைக்காலத்துக்கு, இது தேவைதான். தண்ணீரைத் தாண்டிய நாளின் இரவில் கியர் ஆயில், க்ரவுன் ஆயிலைத் தொட்டுப் பாருங்க. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றியே ஆகணும்.

கூலன்டுக்கும் ஒரு நிமிஷம். நம்ம ஊரில் கூலன்ட் குறைந்தால் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஓட்டிவிடுகிறோம். இங்கே ஓடும். லடாக்கில் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்து விரியும், எஞ்சின் பிளாக்கே பிளக்கும். கிளம்பும் முன் பழையதை முழுக்க வடித்துவிட்டு, கையேடு சொல்கிற கலவையை நிரப்பச் சொல்லுங்க. கண்ணாடி கழுவுகிற தொட்டியிலும் வெறும் தண்ணீர் வேண்டாம்.

செல்போன் கையில் இருக்கிறது, கவலை இல்லை என்கிறவர்களுக்குச் சில விஷயம். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கிலும் காஷ்மீரிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்றாவது குழுவில் இருக்கணும். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் இருந்தால் செல்லும்தான். ஆனால் சிக்னல் இல்லாத சோதனைச்சாவடியில் அதைத் திறக்க முடியாமல் நிற்பதை விட, ஒரு நகலும் ஃபைலில் இருக்கட்டும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைங்க. ஜிபிஎஸ் சிக்னல் இல்லாமலும் இடம் காட்டும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மற்றவருக்குச் சொல்லாது, அவ்வளவுதான். ஆகவே தினமும் காலையில் இன்றைய பாதை, இரவு தங்கும் ஊர், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடணும் என்பதை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்க. வெளிநாட்டிலிருக்கிற தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த சாட்டிலைட் போன், சாட்டிலைட் தகவல் கருவி எதையும் எடுத்துப் போகாதீங்க. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தாலே கைது வரை போகும். அவசரத்துக்கு நாடு முழுக்க 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033.

பக்கத்திலேயே போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆகவே சனிக்கிழமை காலையில் டோல்கேட்டில் நின்றுகொண்டு போனில் தட்டாமல், முதலிலேயே எடுத்துவிடுங்க. முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்து கிடையாது. வடக்கே ரோதாங் கணவாய்க்கு ஒரு நாளைக்கு 1,200 வண்டிக்குத்தான் அனுமதி, அதுவும் இணையத்தில். அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனால் அது தேவையில்லை. பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறவர்கள் டெல்லி தலைநகர்ப் பகுதிக்குள் நுழையும் முன் வண்டியின் வயதைப் பார்த்து, அப்போது நடைமுறையில் இருக்கிற கட்டுப்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்க.

ஆட்களைப் பற்றியும் சொல்லணும். 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து கிளம்பி, நம் நாட்டின் வழியாக பர்மா தாண்டி 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று பிரித்திருந்ததுதான். வழி பார்க்க ஒருவர், வண்டியைப் பார்க்க ஒருவர், சாமான் கணக்குக்கு ஒருவர், படம் எடுக்க ஒருவர். நம்ம குடும்பப் பயணத்தில் அப்பாவே ஓட்டி, அப்பாவே வழி பார்த்து, ராத்திரி அப்பாவே ஆயில் பார்ப்பார். மூணாவது நாள் அவர் தூங்கி வழிவார். லே 3,500 மீட்டர் உயரம், விமானத்தில் போனாலும் காரில் போனாலும் உடம்பு பழக ரெண்டு நாள் வேண்டும். தலைவலி, வாந்தி என்று யாராவது சொன்னால் இன்னும் மேலே ஏறாதீங்க, இறங்குங்க. இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கிற பெரியவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டணும்.

கிளம்புவதற்கு மூணு வாரம் முன்பு சர்வீஸ் முடித்துவிடுங்க, முதல் நாள் இல்லை. சர்வீஸில் ஏதாவது ஒரு நட்டு சரியாக முடுக்காமல் விட்டிருந்தால் அது இங்கேயே தெரியட்டும். அதற்குத்தான் ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ முழுச் சுமையோடு ஒரு வார இறுதி போய் வாங்க. எது ஆடுகிறது, எது கசிகிறது, பின்சீட்டில் யாருக்கு எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் அந்த ரெண்டு நாளில் தெரிந்துவிடும். அங்கே உதிரிபாகம் கிடைக்கும், பேச்சுக்கும் பிரச்சினை இருக்காது.

திரும்பி வந்ததும் மேலே மட்டும் வாட்டர் வாஷ் பண்ணி நிறுத்தாதீங்க. அடியில், சேசிஸ் உள்ளே, சக்கர வளைவுக்குள் ஒட்டியிருக்கிற மண் நம்ம ஊர் ஈரக்காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லிஃப்டில் ஏற்றி நல்ல தண்ணீரில் கழுவி, ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து, பிரேக்கைத் திறந்து சுத்தம் செய்து, காற்றைப் பழையபடி ஏற்றுங்க. சக்கர நட்டுகளை மறுபடி ஒரு சுற்று முடுக்குங்க.

கேள்விகள் இருக்கிறவர்கள் கேட்கலாம். ஐயா, பின்வரிசையில் கை தூக்கினீங்களே, முதலில் நீங்க சொல்லுங்க.